சம்மாந்துறை மில் ஒன்றில் காலி சேனல் தேடிய வேலை

பழைய கண்ட்ரோல் பேனல் ஒன்றில் புதிதாக நாலு சென்சர் சேர்க்க வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இருக்கிற மொட்யூல்களில், அதாவது வயர்கள் வந்து சேரும் அட்டைகளில், காலி சேனல் இருக்கிறதா என்பதைத்தான். வயரிங் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த மில்லின் வரைபடத்தில் 11 டிஜிட்டல் இன்புட்டுக்கு (உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் உள்வரும் சேனல்) பக்கத்தில் ‘ஸ்பெயார்’ என்று எழுதியிருந்தது. தேடி முடித்தபோது உண்மையிலேயே பாவிக்கக்கூடியதாக மிஞ்சியவை 8. அந்த எட்டில் வரைபடம் சொன்னவை மூன்றே மூன்று.

மில் சம்மாந்துறைக்கு வெளியே, வயல்களை ஒட்டி இருக்கிறது. புழுங்கல் அரிசிதான் முக்கிய வேலை: ஊறவைக்கும் தொட்டிகள், ஆவி கொடுக்கும் கலன்கள், உமி எரிக்கும் பொயிலர், இரண்டு உயரமான ட்ரையர், இவற்றுக்கிடையே நெல்லை ஏற்றி இறக்க ஒரு கூட்டம் எலிவேட்டர்கள். முன்மாரி அறுவடை நெல் வந்து இறங்கத் தொடங்கினால் இரவு பகல் பாராமல் ஓடும். அந்த ஓட்டத்தில் ஒரு எலிவேட்டரின் பெல்ட் வழுக்கி நின்றாலும் மோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும்; கீழே நெல் குவிந்து அடைத்த பிறகுதான் ஆளுக்குத் தெரியவரும். மில் முதலாளி ஹாஜியார் கேட்டது இவ்வளவுதான்: இரண்டு எலிவேட்டருக்கு வேகம் பார்க்கும் சென்சர், ஒரு ட்ரையரின் உச்சியில் நெல் மட்டம், ஒரு சரிவுக் குழாயில் அடைப்பு, ஏதாவது நின்றால் கத்த ஒரு சைரனும் சுழலும் விளக்கும், அத்தோடு உமி அடுப்பின் வெப்பநிலை திரையில் தெரிய வேண்டும். அதாவது நாலு டிஜிட்டல் இன்புட், இரண்டு அவுட்புட், அளவைச் சொல்லும் அனலொக் இன்புட் ஒன்று.

புது மொட்யூல் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். பேனலில் இருப்பது சீமென்ஸ் எஸ்7-300 என்ற பிஎல்சி, அதாவது இயந்திரங்களை ஓட்டும் கம்ப்யூட்டர். 2023 அக்டோபரிலிருந்து அந்த வரிசை சந்தையிலிருந்து விலக்கப்படும் கட்டத்துக்குப் போய்விட்டது. இனி அது உதிரிப்பாகமாகத்தான் கிடைக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரித்தான். 2022இல் டொலர் இல்லாமல் ஒரு சாதாரண ரிலேக்கே காத்திருந்தவர்கள் நாங்கள். இருக்கிற இடத்தைத் தேடுவதுதான் இங்கே முதல் வேலை.

ரக்கில் மூளையாக இருப்பது சிபியு 315-2டிபி. நாலாவது ஸ்லொட்டில் 32 இன்புட், ஐந்தாவதில் 16 இன்புட், ஆறாவதில் 32 அவுட்புட், ஏழாவதில் 16 அவுட்புட், எட்டாவதில் 8 சேனல் அனலொக் இன்புட். எஸ்7-300இல் ஸ்லொட்டை வைத்தே முகவரி விழும். நாலாவது ஸ்லொட் பைட் 0இல் தொடங்கும், ஒவ்வொரு ஸ்லொட்டுக்கும் நாலு பைட். முகவரியில் ஐ என்றால் இன்புட், கியூ என்றால் அவுட்புட்; புள்ளிக்கு முன்னால் பைட், பின்னால் பிட். அதனால் இன்புட்கள் ஐ0.0 முதல் ஐ3.7 வரை, பிறகு ஐ4.0 முதல் ஐ5.7 வரை. அவுட்புட்கள் கியூ8.0 முதல் கியூ11.7 வரை, பிறகு கியூ12.0 முதல் கியூ13.7 வரை. அனலொக் 320இல் தொடங்கும். ஹார்ட்வெயார் கொன்ஃபிக்கில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் அதையும் திறந்து பார்த்தேன், மாற்றவில்லை.

புரோகிராம் சொல்வது

பேனலைக் கட்டியவர்கள் கொடுத்த புரோகிராம் சீடி மில்லில் இல்லை. சிபியுவிலிருந்தே முழு ஸ்டேஷனையும் லெப்டொப்புக்கு ஏற்றினேன். இப்படி எடுத்தால் சிம்பல் பெயரும் வராது, கொமென்ட்டும் வராது; வெறும் முகவரிகள்தான். ஆனால் ஓடிக்கொண்டிருப்பது இதுதான் என்ற நம்பிக்கை இருக்கும். பழைய சீடி கிடைத்திருந்தாலும் முதலில் இதைத்தான் எடுத்திருப்பேன். சீடியில் இருப்பதும் சிபியுவில் இருப்பதும் ஒன்றாக இருந்ததை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

இந்த பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதும் மென்பொருளான ஸ்டெப் 7இல் ரெஃபரன்ஸ் டேட்டா என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் அசைன்மென்ட் லிஸ்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு பைட்டும் ஒரு வரிசையாக, எட்டு பிட்டும் எட்டுக் கட்டமாக வரும். புள்ளி இருந்தால் அந்த பிட்டை யாரும் தொடவில்லை. சின்ன வட்டம் இருந்தால் நேரடியாகத் தொட்டிருக்கிறார்கள். பெருக்கல் குறி இருந்தால் அந்த பிட்டைத் தனியாகத் தொடவில்லை, ஆனால் அது அடங்கிய பைட்டையோ வேர்ட்டையோ மொத்தமாக எடுத்திருக்கிறார்கள். காலி சேனல் தேடுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் தொடக்கம் மட்டும்தான்.

இன்புட் பக்கம் திறந்ததும் பைட் 0 முதல் 3 வரை ஒரு புள்ளிகூட இல்லை, 32 கட்டமும் பெருக்கல் குறி. காரணம் முக்கிய பிளொக்கான ஓபி1இன் முதல் வரிகளில் இருந்தது: ஐடி0ஐ, அதாவது முதல் நாலு இன்புட் பைட்டையும் ஒன்றாக, அப்படியே எம்டி100 என்ற உள் நினைவகத்துக்குள் தூக்கிப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு புரோகிராம் முழுவதும் எம் பிட்களை வைத்தே ஓடுகிறது. இது கெட்ட பழக்கம் இல்லை, நான்கூடச் செய்வேன். ஆனால் தேடுபவர் ஒரு படி தள்ளிப் போய்த் தேட வேண்டும். ஐ0.0 எம்100.0 ஆகிறது, ஐ3.5 எம்103.5 ஆகிறது. எம்100 முதல் எம்103 வரையான வரிசைகளைப் பார்த்தால் ஆறு பிட்டை மட்டும் யாரும் தனியாகத் தொடவில்லை. பைட் 4, 5இல் நேரடியாகவே ஏழு புள்ளி. ஆக 13.

அவுட்புட் பக்கம் இதற்கு நேர்மாறான கூத்து. கியூ8 முதல் கியூ10 வரை ஏறக்குறைய எல்லாம் புள்ளி. லிஸ்ட் சொல்வதை நம்பினால் மோட்டர் ஒன்றுகூட பிஎல்சியால் ஓடவில்லை. அந்த நேரம் பேனலில் மோட்டர்களை இயக்கும் கொன்டக்டர்கள் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தன! மோட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே எஃப்சி (ஒரு புரோகிராம் துண்டு), ஒரு லூப்பில், முகவரியைக் கணக்கிட்டுக் காட்டும் பொயின்டர் வைத்து எழுதுகிறது. கியூ8.0இல் தொடங்கி, டேட்டா பிளொக்கில் இருக்கும் எண்ணிக்கை வரை ஒவ்வொரு பிட்டாக நகர்ந்துபோகும். பொயின்டரால் போகும் முகவரி ஓடும்போதுதான் தெரியவரும். அசைன்மென்ட் லிஸ்ட் அதைக் காணாது. டேட்டா பிளொக்கில் எண்ணிக்கை 24 என்று இருந்தது. மில்லில் மோட்டர் 22தான். வேறொரு பெரிய மில்லுக்கு எழுதியதை இங்கே கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். அதனால் கியூ10.6, கியூ10.7 இரண்டிலும் வயர் இல்லை, லிஸ்ட்டிலும் இல்லை, ஆனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் (புரோகிராமின் ஒவ்வொரு சுற்றிலும்) அந்த லூப் அங்கே பூச்சியத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. அங்கே சைரனைக் கொடுத்து, நம் கட்டளை லூப்புக்கு முன்னால் வந்தால், சைரன் ஒருநாளும் கத்தாது. கடைசியாக எழுதுபவர் சொல்வதுதான் அவுட்புட்டுக்குப் போகும். 24ஐ 22 ஆக்கலாம்தான். ஆனால் அதே எண்ணிக்கையை வேறு எங்கெல்லாம் பாவிக்கிறார்கள் என்று தேடுவதைவிட அந்த இரண்டையும் விட்டுவிடுவது மேல் என்று முடிவெடுத்தேன்.

ஆக, லிஸ்ட்டில் புள்ளியைப் பார்த்ததும் எஃப்சிகளுக்குள் பொயின்டர், அட்ரஸ் ரெஜிஸ்டர், பிளொக் மூவ் போன்ற மறைமுக வழி ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சலிப்பான வேலைதான். தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு செய்தால் செய்து முடிக்கலாம்.

அடுத்தது திரை. பேனல் கதவில் இருக்கும் எச்எம்ஐ, சிபியுவோடு நேரடியாகப் பேசும். அதன் டேக் பட்டியலில் ஐ2.6, ஐ3.1 என்று நேரடி முகவரிகள் இரண்டு இருந்தன. ஊறல் தொட்டி மூடி திறந்திருக்கிறதா என்று படத்தில் நிறம் மாற்றுவதற்கு மட்டும். பிஎல்சி புரோகிராமுக்கு இவை தேவையே இல்லை, அதனால் எது எங்கே பாவிக்கப்படுகிறது என்று காட்டும் எந்த கிராஸ் ரெஃபரன்ஸிலும் வராது. திரையின் புரோஜெக்ட் கையில் இல்லாத இடங்களில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, அசையும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எந்த இன்புட் இருக்கிறது என்று சென்சரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. இங்கே அந்தப் பாடு இல்லை. 13 போய் 11 ஆனது. வரைபடமும் 11தான் சொன்னது என்பது வெறும் தற்செயல்; இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் ஒத்துவராது.

ஓடவிட்டுப் பார்ப்பது

லிஸ்ட்டை மட்டும் நம்பாமல் ஒரு சின்ன எஃப்சி எழுதிச் சேர்த்தேன், ஹாஜியாரிடம் சொல்லிவிட்டு. வேலை இதுதான்: ஒவ்வொரு ஸ்கேனிலும் இன்புட் டபிள் வேர்ட்டை ஒரு சேமிப்போடு ‘ஓர்’ செய்து அதிலேயே திரும்ப எழுதுவது, இன்னொரு சேமிப்போடு ‘அன்ட்’ செய்து அதிலேயே எழுதுவது. முதலாவதைப் பூச்சியத்திலும் இரண்டாவதை எல்லாம் ஒன்றிலும் தொடங்க வேண்டும். ஒரு இன்புட் ஒரு கணம் 1 ஆனாலும் முதலாவதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கணம் 0 ஆனாலும் இரண்டாவதில் விழுந்துவிடும். இரவு இரண்டு மணிக்குத் துடித்த இன்புட்டையும் காலையில் வந்து பார்க்கலாம். சேமிப்பை எம் பகுதியில் வைக்கவில்லை, டேட்டா பிளொக்கில் வைத்தேன். எம் பகுதியில் சாதாரணமாக எம்பி0 முதல் எம்பி15 வரைதான் கரண்ட் போனாலும் நிற்கும். மெமரி கார்ட் போடும் சிபியுவில் டேட்டா பிளொக் நிற்கும். எங்கள் பக்கம் கரண்ட் போகாத நாளை நம்பி எதையும் எழுத முடியாது.

ஊறல், அவியல், காயவைத்தல் என்று முழுச் சுற்றும் முடிந்த பிறகு திறந்தேன். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு இன்புட் மாறியிருந்தால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். மாறவில்லை என்பதால் காலி என்று சொல்ல முடியாது. எமர்ஜென்சி ஸ்டொப் எப்போதும் 1. மோட்டர் ஓவர்லோட் ரிலேயின் மூடிய கொன்டக்ட் எப்போதும் 1. பொயிலரில் தண்ணீர் குறைந்தால் மட்டும் மாறும் கொன்டக்ட், அது மாறும் நாளில் நாங்கள் லெப்டொப்பைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். என் 11இல் எதுவும் மாறவில்லை. ஒன்று மட்டும், ஐ5.2, தொடக்கம் முதல் கடைசி வரை 1 ஆகவே இருந்தது.

பேனலுக்குள்

எரிகிற பச்சை எல்ஈடிக்குப் பின்னால் கட்டாயம் ஒரு வயர் இருக்கும். ஐ5.2இன் வயர் டெர்மினலுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு வயர் கீழே டிரங்கிங்குக்குள் போகிறது. நம்பர் இல்லை. நான் ஸ்குரு டிரைவரை எடுக்கும்போது மில்லின் பழைய எலக்ட்ரிஷன் காக்கா (அண்ணனை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“அத கழட்டாதீங்க தம்பி. அதுல கைய வெச்சா ரெண்டாவது ட்ரையர் நிண்டுரும்.”

எப்படி நிற்கும் என்று கேட்டேன். அவருக்கும் காரணம் தெரியாது, ஒருமுறை நின்றது தெரியும். வயரைப் பின்தொடர்ந்து போனால், ட்ரையர் ஊதியின் பிரஷர் சுவிட்சுக்கு 24 வோல்ட் போகும் வழியே அந்த டெர்மினல்தான். யாரோ அவசரத்துக்கு அருகில் இருந்த காலி டெர்மினலைச் சந்தியாகப் பாவித்துவிட்டார்கள். பிஎல்சி இன்புட்டும் அதோடு சேர்ந்து 24 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, யாருக்கும் எதுவும் சொல்லாமல். நான் ஐ5.2ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். காக்காவின் ஒரு வரி எனக்கு அரை நாள் வேலையையும் ஒரு ட்ரையர் நிறைய நெல்லையும் மிச்சப்படுத்தியது. இப்படியானவரிடம் முதலிலேயே பட்டியலை வாசித்துக் காட்டிவிடுவது எந்த சொஃப்ட்வெயாரையும் விடப் பிரயோசனம்.

இன்னும் இரண்டில் வயர் இருந்தது. ஒன்று கூரையில் கழற்றிப்போட்ட பழைய மட்ட சென்சருக்குப் போய் அறுந்த நுனியோடு நின்றது. அதை எடுத்துவிட்டு அந்த சேனலை வைத்துக்கொண்டேன். மற்றது, ஐ5.5, பொயிலர் பேனலுக்குப் போகிறது, தண்ணீர் குறைவு என்று எழுதிய கொன்டக்டுக்கு. வயர் போட்டவர்கள் புரோகிராமில் சேர்க்கவில்லை. புரோகிராம்படி காலி, பேனல்படி காலி இல்லை. அதைத் தொடவில்லை. ஆக 9.

பிறகு ஒவ்வொன்றையும் சோதிப்பது. சின்ன ஃபியூஸ் போட்ட வயரில் 24 வோல்ட் எடுத்து டெர்மினலில் தொட்டு, மொட்யூல் எல்ஈடியும் லெப்டொப் திரையும் ஒன்றாக மாறுகிறதா என்று பார்த்தேன். இந்த மொட்யூல்களுக்கு 13 வோல்ட்டுக்கு மேல் 1, 5 வோல்ட்டுக்குக் கீழ் 0. ஒரு சேனலில் எதுவும் நடக்கவில்லை. எல்ஈடியும் இல்லை, பிட்டும் இல்லை. செத்த சேனல். அதற்கு மேல் சிவப்பு டேப் ஒட்டினேன். 8.

அவுட்புட்டில் இதைவிட அழகான பொறி ஒன்று இருந்தது. கியூ9.3இன் டெர்மினல் வெறுமையாக இருந்தது, வயரே இல்லை. பார்த்தவுடன் கை போகும் இடம். ஆனால் அதன் எல்ஈடி எரிந்து அணைந்துகொண்டிருந்தது, கூடவே கியூ11.0இன் எல்ஈடியும். ஓபி1இன் கடைசியில் ஒரு வரி: கியூ9.3 என்னவோ அதுவே கியூ11.0. எப்போதோ 9.3 எரிந்துபோயிருக்கிறது, வந்தவர் வயரைக் கழற்றி 11.0இல் போட்டு, புரோகிராமில் ஒரு வரியில் பிரதி எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வயரின் நுனியில் இன்னும் 9.3 என்று எழுதிய ஃபெரூல் (எண் வளையம்)தான். சுத்தமான வேலை, எங்கேயும் எழுதி வைக்காதது மட்டும்தான் குறை. எல்ஈடி லொஜிக் பக்கத்தைத்தான் காட்டும்; டிரான்சிஸ்டர் செத்திருந்தாலும் அது எரியும்.

அவுட்புட்டைச் சோதிக்கும்போது வெறும் மீற்றரை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். அணைந்திருக்கும் சேனலிலும் மிகச் சிறிய கசிவு இருக்கும். மீற்றரின் உள்தடை அதிகம் என்பதால் அணைந்த சேனலும் உயிரோடு இருப்பதுபோல வோல்ட் காட்டும். ஒரு 24 வோல்ட் ரிலே கொயிலைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள். அது இழுத்தால் சேனல் நல்லது, விட்டால் அணைகிறது. கியூ11.1 முதல் 11.7 வரை இப்படிப் பார்த்ததில் எல்லாமே நல்லது. மில் நிற்கும் நேரத்தில், ஆட்கள் விலகி நிற்கும்போதுதான் இதைச் செய்தேன். சைரனுக்கு 11.1, விளக்குக்கு 11.2. ஒரு சேனலுக்கு அரை அம்பியர்தான் தாங்கும் என்பதால் இரண்டையும் ரிலே வழியாகவே கொடுத்தேன். 16 அவுட்புட் மொட்யூலில் தேட வேண்டிய தேவை வரவில்லை.

அனலொக் சேனல்

எட்டு சேனலில் 1, 3, 7 மூன்றிலும் புரோகிராம் எதையும் வாசிக்கவில்லை. மூன்று காலி என்று துள்ளத் தேவையில்லை. இந்த மொட்யூலில் சேனல்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்திருக்கும்; ஒவ்வொரு சோடிக்கும் பக்கவாட்டில் ஒரு சின்ன கட்டை, அதை ஏ, பி, சி, டி என்று திருப்பிச் செருக வேண்டும். 0, 2 இரண்டிலும் பிடி100 வெப்பமானி. பிடி100 போட்டால் சோடியின் இரண்டாவது சேனலின் முனைகள் அந்த வெப்பமானிக்கே நிலையான கரண்ட் அனுப்பப் போய்விடும். எனவே 1உம் 3உம் காலி இல்லை, தொழில்நுட்பரீதியாக நிரம்பியவை.

7 மட்டும்தான் உண்மையில் காலி. அதன் சோடியான 6இல் இரு வயர் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், கட்டை டி நிலையில். அப்படியென்றால் 7இலும் இரு வயர் 4–20 மில்லி அம்பியர்தான் போட முடியும். உமி அடுப்புக்கு கே வகை தேர்மோகப்பிள் என்ற வெப்ப சென்சர்தான் பொருத்தம்; அதன் தலையிலேயே இரு வயர் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து 0 முதல் 1000 பாகை செல்சியஸுக்கு அமைத்தேன். 4 மில்லி அம்பியர் 0 ஆகவும் 20 மில்லி அம்பியர் 27648 ஆகவும் வரும். எண்ணை அளவாக மாற்றும் எஃப்சி105 மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அந்த மொட்யூலில் எஸ்எஃப் என்ற சிவப்பு விளக்கு எத்தனையோ காலமாக எரிந்துகொண்டிருந்ததாம். சேனல் 7ஐ 4–20 என்று அமைத்து, வயர் அறுந்ததா என்று பார்க்கவும் சொல்லிவிட்டு, ஒன்றும் இணைக்காமல் விட்டிருந்தார்கள். டிரான்ஸ்மிட்டரைக் கட்டியதும் விளக்கு அணைந்தது. பாவிக்காத சேனலைக் கொன்ஃபிக்கில் அணைத்துவிடுவதே முறை. இல்லாவிட்டால் இந்தச் சிவப்புக்குக் கண் பழகிப்போய், நாளைக்கு உண்மையாகவே வயர் அறும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதோடு ஒரு எச்சரிக்கை: பழுதை சிபியுவுக்கு அறிவிக்கும் டயக்னொஸ்டிக் இன்டரப்டை இயக்கிவிட்டு, அப்போது ஓட வேண்டிய ஓபி82 பிளொக் சிபியுவில் இல்லாவிட்டால், ஒரு வயர் அறுந்ததற்கே சிபியு ஸ்டொப் நிலைக்குப் போய் முழு மில்லும் நின்றுவிடும். வெற்று ஓபி82 இருந்தாலே போதும்.

சென்சர் கட்டிய விதத்தை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இந்த இன்புட் மொட்யூலுக்கு 24 வோல்ட்டை அனுப்பும் பிஎன்பி வகை வேண்டும். கடையில் கையில் கிடைக்கும் என்பிஎன் சென்சரைப் போட்டால் இன்புட் வேலை செய்யாது. எலிவேட்டரின் கீழ்க் கப்பித் தண்டில் ஒரு போல்ட், எதிரே உலோகம் அருகில் வந்தால் அறியும் புரொக்சிமிட்டி சென்சர். இன்புட்டின் தாமதம் சில மில்லி செக்கன்தான், அந்த வேகத்துக்குத் தாராளம். துடிப்பு வராமல் சில செக்கன் கழிந்தால் அந்த எலிவேட்டருக்கு நெல் கொடுப்பதை முதலில் நிறுத்தி, சைரனைக் கொடுக்கிறது.

சரி, மிச்சம் நாலு இன்புட், ஐந்து அவுட்புட். ஏ4 தாள் ஒன்றில் ஒவ்வொரு சேனலுக்கும் புரோகிராமில் என்ன, திரையில் என்ன, டெர்மினலில் என்ன, சோதித்த திகதி என்ன என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். செத்த சேனல்களும், ஐ5.2இன் ட்ரையர் சந்தியும், கியூ9.3இன் கதையும் அதில் இருக்கின்றன. ஐ5.5ஐ, அதுதான் பொயிலர் தண்ணீர் கொன்டக்டை, ஹாஜியார் சைரனோடு சேர்க்கச் சொன்னார். எச்சரிக்கையாக மட்டும் சேர்த்தேன். பொயிலரை நிறுத்தும் வேலை அதன் சொந்த ரிலேயிடமே இருக்கிறது, அதில் கைவைக்கவில்லை.